11 வெங்கட்ராகவன்கள்

(பேசினதை எழுத்தா மாத்தும்போது 'அதாவது', 'பார்த்தீங்கன்னா' எல்லாத்தையும் முக்கால்வாசி எடுத்தாச்சு. கணக்கு வர்ற இடத்துல மட்டும் ஒண்ணு ரெண்டு வரி கூடுதலாச் சேர்த்திருக்கேன். காதால கேட்கிறதைவிட கண்ணால பார்த்தா கணக்கு சீக்கிரம் புரியும்.)

இன்னைக்கு எபிசோடுக்கு தலைப்பு ஒரு கேள்வி. நிஜ வீரர்களோட நிஜ நம்பர்களை வச்சு, டைஸ்லயோ கம்ப்யூட்டர்லயோ ஒரு லீக் நடத்தினா, அங்க பேட்ஸ்மேன்கள் ஏன் நிஜத்தைவிட கம்மியா அடிக்கிறாங்க? அமெரிக்காவுல பேஸ்பால் ஆளுங்க அறுபது வருஷமா இதோட மல்லுக்கட்டுறாங்க. நம்ம ஊர்ல இதுக்குப் பேர் வைக்கல, ஆனா விளையாடாதவங்க கிடையாது. அதனால நம்ம ஊர்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

புக் கிரிக்கெட். தேவகோட்டையில நான் படிச்ச காலத்துல இதுக்கு சமூக அறிவியல் புத்தகத்துக்குத்தான் மவுசு, பக்கம் ஜாஸ்தி. கண்ணை மூடித் திறக்கணும், இடது பக்க நம்பரோட கடைசி இலக்கம்தான் ரன். இடது பக்கம் எப்பவும் இரட்டைப்படை. அப்ப 0, 2, 4, 6, 8 இந்த அஞ்சுதான் வரும். 0 வந்தா அவுட். 8 வந்தா என்னங்கிறதுக்கு ஊருக்கு ஊர் சட்டம். எங்க வகுப்புல 1 ரன். காரைக்குடியிலேர்ந்து வந்து சேர்ந்த ஒரு பையன், 8க்கு ரன்னே கிடையாதுன்னு ஒரு பீரியட் முழுக்க சண்டை போட்டான். (நடுவுல பின் அடிச்ச பக்கம் தானா திறக்கும், அது 4ல முடியுதா 6ல முடியுதான்னு பார்த்துப் புத்தகம் தேர்ந்தெடுக்கிற கில்லாடிகளை இந்தக் கணக்குல சேர்க்கல.)

இப்ப கணக்கு. ஒவ்வொரு பந்துக்கும் அவுட் ஆகிற வாய்ப்பு அஞ்சுல ஒண்ணு. அப்ப ஒரு பேட்ஸ்மேன் சராசரியா 5 பந்து நிப்பான், அதுல 4 பந்து ரன். அந்த ரன்னோட சராசரி, 1, 2, 4, 6 கூட்டி நாலால வகுத்தா, 3.25. நாலு தடவை 3.25ன்னா 13. எங்க சட்டப்படி ஒரு பேட்ஸ்மேனுக்கு 13 ரன். காரைக்குடி சட்டப்படி 12. பத்து விக்கெட்டுக்கு 130, இல்லைன்னா 120. சதம் அடிக்கிற வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்துல ஒண்ணு. ஒரு மேட்சுக்கு 22 பேர் ஆடினா, நாற்பத்தஞ்சு ஐம்பது மேட்சுக்கு ஒரு சதம் வரும். அதை எடுத்தவனுக்கு அன்னைக்கு மத்தியான சாப்பாட்டுல இன்னொருத்தன் டப்பாவுலேர்ந்து பங்கு கிடைக்கும்.

12, 13ன்னா யாரு? நிஜ கிரிக்கெட்ல இதுக்குப் பக்கத்துல ஒருத்தர் இருக்கார், அதுவும் நம்ம ஆளு. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்ச வெங்கட்ராகவன். 57 டெஸ்ட், 156 விக்கெட், பேட்டிங்ல 748 ரன், சராசரி 11.68. பிற்பாடு 73 டெஸ்ட்ல அம்பயரா நின்னவர். புக் கிரிக்கெட்ல நீங்க காகிதத்துல சச்சின், டிராவிட், லாரான்னு என்ன பேர் எழுதினாலும் சரி, உள்ள இறங்கி ஆடுறது 11 வெங்கட்ராகவன்கள்தான்.

இதுல நஷ்டம் பெரிய ஆளுங்களுக்கு. பிராட்மேன் நிஜத்துல 99.94, புத்தகத்துல 13. லாபம் பி. எஸ். சந்திரசேகருக்கு. 58 டெஸ்ட்ல 242 விக்கெட் எடுத்தவர், 167 ரன்தான் அடிச்சார். எடுத்த விக்கெட்டைவிட அடிச்ச ரன் கம்மி. சராசரி 4.07, அதுல 23 டக். 1977-78 ஆஸ்திரேலியா டூர்ல வரிசையா டக் ஆனதுக்காக நடுவுல ஓட்டை போட்ட பேட் ஒண்ணைப் பரிசாக் குடுத்தாங்க. அவரைப் புத்தகத்துக்குள்ள விட்டா மூணு மடங்கு முன்னேறி 13க்கு வந்துடறார். ஏன்னா புக் கிரிக்கெட்டுக்கு பேட்ஸ்மேன் யாருன்னும் தெரியாது, பௌலர் யாருன்னும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது பக்க எண் மட்டும்தான்.

இந்த 130ங்கிற நம்பர் என்னை விடமாட்டேங்குது. 1975 ஜூன் 7, லார்ட்ஸ், முதல் உலகக் கோப்பையோட முதல் நாள். இங்கிலாந்து 60 ஓவர்ல 4 விக்கெட்டுக்கு 334. இந்தியா பதிலுக்கு 60 ஓவர் முழுக்க ஆடி 3 விக்கெட்டுக்கு 132. கவாஸ்கர் 174 பந்துல 36 நாட் அவுட். கேப்டன் யாரு? நம்ம வெங்கட்ராகவன். ஏழு விக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு 360 பந்துல எடுத்த ஸ்கோரை, எங்க எட்டாம் வகுப்பு டீம் 50 பந்துல எடுத்து ஆல் அவுட் ஆகிடும்.

இன்னொண்ணு இதைவிடப் பழசு. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சி டிராபி வரலாற்றுல முதல் மேட்ச், மெட்ராஸும் மைசூரும். முதல் பந்தைப் போட்டவர் எம். ஜே. கோபாலன். இவர் ஹாக்கியிலயும் இந்தியாவுக்கு ஆடினவர். மைசூர் 48க்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. சரியா 130. திரும்ப மைசூர் 59. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்துல ஜெயிச்சு, ஒரே நாள்ல மேட்ச் முடிஞ்சு போச்சு. ஏ. ஜி. ராம்சிங் 35 ரன் குடுத்து 11 விக்கெட். முப்பது விக்கெட், மொத்தம் 237 ரன், விக்கெட்டுக்கு 8 ரன்கூட இல்ல. அன்னைக்கு சேப்பாக்கத்துல 25 ரன் அடிச்சவன், வேற ஊர்ல வேற நாள்ல 25 அடிச்சவனைவிட எவ்வளவோ பெரிய ஆள். ஆனா ஸ்கோர் புக்ல ரெண்டும் 25தான். இதை மனசுல வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

சரி, புத்தகத்தை மூடிட்டு டைஸுக்குப் போவோம்.

எங்க அப்பத்தாகிட்ட ஒரு ஜோடி பித்தளை தாயக்கட்டை இருந்துச்சு. நீளமா, நாலு முகம், 0, 1, 2, 3. ரெண்டையும் உருட்டினா 16 விதமா விழலாம். அதுல தாயம், அதாவது ஒண்ணு, ரெண்டு விதத்துலதான் விழும். எட்டுல ஒண்ணு. மூணு விழறது நாலு விதம். ரெண்டும் வெறுமையா விழுந்தா பன்னெண்டு, அது பதினாறுல ஒண்ணு. புக் கிரிக்கெட்ல எல்லா எண்ணுக்கும் சமவாய்ப்பு. தாயத்துல அப்படி இல்ல, ஒண்ணு அரிசு, ஒண்ணு சாதாரணம். ரெண்டு கட்டையைக் கூட்டினதும் வாய்ப்பு மேடு பள்ளமா ஆகிடுது. இந்த மேடு பள்ளம்தான் சிமுலேஷனுக்கு மூலதனம். அரிதான இடத்துல சிக்ஸரை வைக்கலாம், அடிக்கடி விழற இடத்துல சிங்கிளை வைக்கலாம். இங்கிலாந்துல பசங்க பாக்கெட்ல வச்சிருந்த 'ஹவுஸ்தட்'ங்கிற விளையாட்டும் இதே குடும்பம்தான். ஆறு முகம் உள்ள ரெண்டு குட்டி உலோக உருளை. ஒண்ணுல ரன், கூடவே ஒரு முகத்துல 'ஹவுஸ்தட்'. அது விழுந்தா ரெண்டாவதை உருட்டணும், நிஜமாவே அவுட்டா இல்லையான்னு அது தீர்ப்பு சொல்லும். அம்பயரையே உருளை ஆக்கிட்டாங்க.

ஆனா அப்பவும் பேட்ஸ்மேனுக்கு முகம் கிடையாது. அந்த முகத்தைக் குடுத்தது பேஸ்பால்காரங்க.

பேஸ்பால் தெரியாதவங்களுக்கு ஒரே ஒரு விஷயம் போதும். அங்க பேட்டிங் சராசரின்னா ரன் இல்ல. பத்து தடவை ஆட வந்து மூணு தடவை ஒழுங்கா அடிச்சுப் போய்ச் சேர்ந்தா 0.300. பேச்சுல 'முந்நூறு'ன்னுதான் சொல்லுவாங்க. முந்நூறு அடிக்கிறவன் ஸ்டார். பத்துல ஏழு தடவை தோக்கிறவனை ஸ்டார்னு கொண்டாடுற விளையாட்டு அது. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

ஈதன் ஆலன்னு ஒரு வீரர். 1926லேர்ந்து 1938 வரைக்கும் மேஜர் லீக் ஆடினவர், வாழ்நாள் சராசரி முந்நூறு. ரிட்டயர் ஆனபிறகு 1941ல 'ஆல்-ஸ்டார் பேஸ்பால்'னு ஒரு விளையாட்டை வெளியிட்டார். ஒவ்வொரு வீரருக்கும் வட்டமா ஒரு அட்டை. அதை ஒரு ஸ்பின்னர்ல மாட்டி முள்ளைச் சுத்தணும். முள் 1ல நின்னா ஹோம் ரன், 10ல நின்னா ஸ்ட்ரைக் அவுட். பேப் ரூத் அட்டையில 1க்கான துண்டு பெருசா இருக்கும், சாதாரண ஆளுக்கு கீத்து மாதிரி இருக்கும். அட்டையைப் பார்த்தாலே ஆள் யாருன்னு தெரிஞ்சுது. ஆனா இதுல பௌலர், அவங்க பாஷையில பிட்சர், இருந்தும் இல்லாத மாதிரி. எதிர்ல யார் பந்து போட்டாலும் ரூத் அதே ரூத். அதனால பேட்டிங் நம்பர் அப்படியே நிஜம் மாதிரி வரும், குறையாது.

இது நியூயார்க் பக்கம் ஹால் ரிச்மன்னு ஒரு பையனுக்கு உறுத்துச்சு. 1948ல, 11 வயசுல, டைஸை ஆயிரக்கணக்கான தடவை உருட்டி எது எத்தனை தடவை விழுதுன்னு எழுதிவச்சே நிகழ்தகவைக் கத்துக்கிட்டவன். காலேஜ் முடிச்சு, 1961ல 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்'னு வெளியிட்டார். மூணு டைஸ். முதல் டைஸ்ல 1, 2, 3 விழுந்தா பேட்ஸ்மேன் அட்டையைப் பார்க்கணும், 4, 5, 6 விழுந்தா பிட்சர் அட்டையைப் பார்க்கணும். மத்த ரெண்டு டைஸைக் கூட்டி, நம்ம தாயம் மாதிரியே, அந்த வரியைப் படிக்கணும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. என்னைக் கேட்டா சிமுலேஷன் வரலாற்றுல இதைவிடப் பெரிய ஒரு 'இஃப்' கண்டிஷன் யாரும் எழுதல. பாதி முடிவு அடிக்கிறவன் கையில, பாதி முடிவு போடுறவன் கையில.

பேட்டிங் சரிய ஆரம்பிச்சதும் இங்கதான்.

ஒரு முழு சீசனை, எல்லா டீமையும், நல்லவன் கெட்டவன் எல்லாரையும் வச்சு ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்ல திரும்ப ஆடினீங்கன்னா நம்பர் கிட்டத்தட்ட நிஜம் மாதிரியே வரும். ஆனா மனுஷன் அப்படியா ஆடுவான்? நாலு நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கு ஒரு டீம் எடுப்பாங்க. இருக்கிறதுலயே நல்ல பிட்சர்களை எல்லாம் அந்த நாலு டீம் அள்ளிக்கும். மோசமான பிட்சர் ஒருத்தனை யாரும் எடுக்க மாட்டாங்க. நிஜத்துல முந்நூறு அடிச்சவன் அந்த முந்நூறை யார்கிட்ட சேர்த்தான்? பாதிக்கு மேல அந்த மோசமான பிட்சர்கள்கிட்டதான். அவங்க இப்ப டப்பாவுக்குள்ள தூங்குறாங்க.

இதை ஃபார்முலாவா எழுதினவர் பில் ஜேம்ஸ். கன்சாஸ்ல பீன்ஸ் டப்பாவுல அடைக்கிற ஃபேக்டரியில ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்த்துக்கிட்டே பேஸ்பால் புள்ளிவிவரம் எழுத ஆரம்பிச்சவர். 1980களோட தொடக்கத்துல அவர் வட்டாரத்துலேர்ந்து வந்த கணக்குக்கு 'லாக்5'னு பேர். விவரம் வேண்டாம், விடையை மட்டும் சொல்றேன். லீக் சராசரி 260. பேட்ஸ்மேன் 300. பிட்சர் சராசரியா விட்டுக்குடுக்கிறது 220. ரெண்டு பேரும் மோதினா என்ன வரும்? 256. லீக்ல ஸ்டார்னு பேர் எடுத்தவன், நல்ல பிட்சர் முன்னாடி நடுத்தரத்துக்கும் ஒரு படி கீழ. இதுல ப்ரோகிராம்ல தப்பும் இல்ல, ஆளுகிட்ட தப்பும் இல்ல.

நிஜ உலகத்துலயே இது ஒரு தடவை நடந்துச்சு. 1968, பேஸ்பால்ல 'பிட்சர்களின் ஆண்டு'. பாப் கிப்சன்ங்கிறவர் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரி 1.12 ரன்தான் விட்டார். மொத்த மேஜர் லீக் பேட்டிங் சராசரி 237க்கு விழுந்துச்சு. அமெரிக்கன் லீக்ல சராசரியில முதலிடம் பிடிச்ச யாஸ்ட்ரெம்ஸ்கி எடுத்தது வெறும் 301. பேட்ஸ்மேன்கள் எல்லாரும் ஒரே வருஷத்துல ஆட மறந்துட்டாங்களா என்ன? அடுத்த வருஷம் பிட்சர் நிக்கிற மண்மேட்டை 15 அங்குலத்துலேர்ந்து 10 அங்குலமாக் குறைச்சாங்க, ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினாங்க. சராசரி 248க்கு ஏறிடுச்சு.

ஒரு சின்ன விலகல். 'ஃபேன்டஸி'ன்னு சொன்னதும் நம்ம ஊர்ல பாதி பேருக்கு மொபைல்ல பணம் கட்டி டீம் போடுறதுதான் ஞாபகம் வரும். 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துல ஆன்லைன் கேமிங் சட்டம் வந்ததும் அந்தப் பணம் கட்டுற கடை மூடியாச்சு, எனக்கு அதுல வருத்தமும் இல்ல. அந்த வகை, 1980ல டேனியல் ஓக்ரெண்டும் அவர் நண்பர்களும் நியூயார்க்ல ஆரம்பிச்ச 'ரொட்டிசரி' லீக்கோட வாரிசு. அங்க நிஜமா நடக்கிற மேட்சுக்குத்தான் புள்ளி. நான் பேசுறது நிஜ மேட்சே நடக்காத லீக். செத்தவரும் இருக்கிறவரும் ஒரே நாள்ல மோதுற லீக்.

அப்படி ஒண்ணு நானும் நடத்துறேன். காரைக்குடியில கூடப் படிச்ச இன்ஜினியரிங் கூட்டாளிகள் ஆறு பேர், ஆளுக்கு ஒரு டீம், இந்திய டெஸ்ட் வரலாறு முழுக்கத் தேடி 11 பேர். பந்து பந்தா ஆடிக்காட்டுற ப்ரோகிராம் நான் எழுதினது. மூணாவது ரவுண்டுலயே வாட்ஸப்ல கலவரம். "ஒருத்தனும் அடிக்க மாட்டேங்குறான்டா, உன் கோடுல பக்." ஒருத்தன் ஸ்ரீகாந்தை ஓப்பனிங் எறக்கியிருந்தான். அவர் நிஜத்துல 43 டெஸ்ட், சராசரி 29.88. இங்க இருபதைத் தாண்டத் தடுமாறுறார்.

டெஸ்ட் வரைக்கும் தினம் ஓட்டிப் பார்த்த கோடு அது. பக் இல்ல. எதிர் டீமைப் பார்த்தாலே போதும். அஸ்வின், 537 விக்கெட், சராசரி சரியா 24.00. லீக்கோட பொதுச் சராசரி 32ன்னு வச்சுக்குவோம். கிரிக்கெட்டுக்கு 'லாக்5' அளவுக்கு நுணுக்கம் வேண்டாம், எளிமையான விகிதம் போதும். 29.88ஐ 24ஆல பெருக்கி 32ஆல வகுங்க. 22.4. ஸ்ரீகாந்த் ஒழுங்காத்தான் ஆடிக்கிட்டிருக்கார்.

இதுக்கும் நம்பாதவங்களுக்கு நான் செட்டிநாட்டு வழியில சொல்றேன். நகரத்தார் கடைகள்ல வருஷக் கடைசியில ஐந்தொகை போடுவாங்க. வரவும் செலவும், குடுத்ததும் வாங்கினதும் நேராகணும். ஒரு பைசா உதைச்சாலும் ராத்திரி தூக்கம் கிடையாது. லீக்கும் அப்படித்தான். ஒருத்தன் எடுத்த ரன், இன்னொருத்தன் குடுத்த ரன். உங்க ஆறு டீம் பேட்ஸ்மேன்களோட அட்டையில சராசரி 45ன்னு இருக்கு. அதே ஆறு டீம் பௌலர்களோட அட்டையில 27ன்னு இருக்கு. ரெண்டும் எப்படி ஒரே லீக்குக்குள்ள உண்மையா இருக்கும்? ஐந்தொகை உதைக்குது. 45ஐ 27ஆல பெருக்கி 32ஆல வகுத்தா 38. பேட்ஸ்மேன் 45லேர்ந்து 38க்கு இறங்குவான், பௌலர் 27லேர்ந்து 38க்கு ஏறுவான். ரெண்டு பேருக்குமே நஷ்டம். ஆனா வாட்ஸப்ல புகார் வந்தது பேட்டிங் பத்தி மட்டும்தான். பும்ராவோட சராசரி கெட்டுப்போச்சேன்னு ஒருத்தனும் கண்ணீர் விடல. பௌலரோட கஷ்டம் நிஜத்துலயும் யார் கண்ணுக்கும் தெரியாது, சிமுலேஷன்லயும் தெரியாது.

இதுவரைக்கும் விளையாட்டு. இப்ப இதை ஏன் ஒரு எபிசோடாப் பண்றேன்னு சொல்லிடறேன்.

எங்க ஊர்ல ஒரு அண்ணன். பேர் வேண்டாம். எனக்குப் பத்துப் பன்னெண்டு வயசு மூத்தவர். நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போது மேட்டிங் விரிச்சு ஆடுற மேட்ச்ல அவர் ஓப்பனிங் இறங்கினா, டீக்கடையில கிளாஸைக் கையில வச்சுக்கிட்டே ஆளுங்க மைதானத்துக்கு வருவாங்க. சுத்துவட்டார லீக் மேட்சுகள்ல நாற்பதுக்கு மேல சராசரி. சென்னைக்குப் போனார், ஏதோ ஒரு டிவிஷன்ல ஒரு கிளப். ரெண்டு சீசன். பதினஞ்சைத் தாண்டல. டீம்லேர்ந்து எடுத்துட்டாங்க, ஊருக்குத் திரும்பிட்டார். இப்ப கடை வச்சிருக்கார். கிரிக்கெட் பேச்செடுத்தா, "சென்னை போனதும் கை மறந்து போச்சு தம்பி"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவார். இருபது வருஷமா அதையேதான் சொல்றார்.

கை மறக்கல. அட்டையிலேர்ந்து மோசமான பௌலர்களை எடுத்துட்டாங்க, அவ்வளவுதான். இங்க அவர் ஆடின லீக்ல நாலு பௌலர்ல ஒருத்தர் நல்லாப் போடுவார், மிச்ச மூணு பேர் ஞாயித்துக்கிழமை மட்டும் பந்தைத் தொடுறவங்க. அந்த மூணு பேர்கிட்டதான் நாற்பதுல முப்பது வந்திருக்கும். சென்னையில நாலு பேருமே வாரத்துல ஆறு நாள் வலையில போடுறவங்க. இங்க விக்கெட்டுக்கு 20 ரன் குடுக்கிற பௌலிங்ல 40 அடிச்சவர், இங்க வந்து போட்டா 8 ரன்தான் குடுப்பாங்கங்கிற பௌலிங்கை அங்க சந்திச்சிருந்தார்னா, எதிர்பார்க்க வேண்டிய நம்பரே 16தான். பதினஞ்சுக்கும் பதினாறுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு ரன் அவுட். இந்த 20, 8 எல்லாம் என் ஊகம், அளந்த கணக்கு கிடையாது. இந்த ஃபார்முலாவுக்கு மேட்டிங் தெரியாது, புது ஊர் தெரியாது, மேன்ஷன் சாப்பாடு தெரியாது, இந்த ஞாயித்துக்கிழமை சொதப்பினா அடுத்த வாரம் உட்கார வச்சிடுவாங்கன்னு வயித்துல புரட்டுறது தெரியாது. அதெல்லாம் சேர்த்தும் அவர் 15 எடுத்திருக்கார்னா, அந்த மனுஷன் அங்க போய் முன்னைவிட நல்லாக்கூட ஆடியிருக்கலாம்.

செலக்டரா உட்கார்றவங்களுக்கு இது தெரியாதான்னு கேட்கலாம். நல்ல செலக்டருக்குத் தெரியும், ஃபார்முலா இல்லாமலே தெரியும், கண்ணால பார்த்து 'பையன்கிட்ட விஷயம் இருக்கு'ன்னு சொல்லிடுவார். ஆனா கண்ணால பார்க்க நேரம் வேணும். நேரம் இல்லாதப்ப எல்லாரும் காகிதத்தைத்தான் பார்க்கிறாங்க. காகிதத்துல 15ன்னு இருந்தா 15தான். 1934 சேப்பாக்கத்துல ஒருத்தர் அடிச்ச 25ஐயும், சும்மா ஒரு 25ஐயும் ஒரே தராசுல வைக்கிற மாதிரி. போன ஏலம், இந்த ஏலம்னு ஐபிஎல்ல ஆயிரம் அனலிஸ்ட் உட்கார்ந்து எதிரணி, மைதானம், ஓவர் எல்லாம் பிரிச்சு மேயறாங்க. சிவகங்கை மாவட்டத்துல ஆடுற பையனுக்கு அந்த அனலிஸ்ட் கிடையாது. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன் மாதிரி ஒருத்தர் மேல வந்துட்டா கிராமத்துலேர்ந்தும் வரலாம்னு எல்லாரும் பேசுறோம். வரலாம்தான். அவர் பௌலர். யார்க்கர் ஸ்டம்ப் அடியில விழுந்தா அது சேலத்துலயும் யார்க்கர், சென்னையிலயும் யார்க்கர். பேட்ஸ்மேனுக்கு அப்படிச் சொல்லிக்க ஒண்ணும் இல்ல, எதிர்ல யாராவது போட்டாத்தான் அவன் யாருன்னே தெரியும்.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப அண்ணன் கடையில உட்கார்ந்து, பில் புக்குக்குப் பின்னாடி இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஏதாவது சொல்லுவார்னு பார்த்தா, "அப்ப நம்ம ஊரு பௌலிங் அவ்வளவு மட்டமாடா?"ன்னு கேட்டார். கோபமாத்தான் கேட்டார். அதுல ரெண்டு பேர் அவரோட மச்சினன்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா என் ஊகம் பத்தாது, லீக்கோட பொதுச் சராசரி வேணும். அதுக்கு ஸ்கோர் புக் வேணும். அதனால இது ஒரு வேண்டுகோள். தேவகோட்டை, காரைக்குடி, கல்லல், திருவாடானை, சிவகங்கை, இந்தப் பக்கம் 1995லேர்ந்து 2010 வரைக்கும் நடந்த டோர்னமெண்ட், லீக் மேட்ச் எதோட ஸ்கோர் புக்காவது யார் வீட்டுப் பரண்லயாவது கிடந்தா, கரையான் அரிச்சிருந்தாலும் பரவாயில்ல, பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க. பேட்டிங் பக்கம் மட்டும் அனுப்பாதீங்க, பௌலிங் பக்கமும் வேணும். நானும் ஆறு பேர் கொண்ட நம்ம வாட்ஸப் கூட்டமும் உட்கார்ந்து டைப் பண்ணிடறோம். இருநூறு இன்னிங்ஸ் சேர்ந்தாலே அண்ணனோட மச்சினன்களுக்கு ஒரு நம்பர் சொல்லிடலாம்.

அடுத்த வாரம் வேற தலைப்பு.